பெஞ்சில் இருக்கும்வரை மாவீரன்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் 1 லட்சம். அந்த ஊருக்கென்று ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி, பேக்கர்ஸ். 1919-இல் தொடங்கியது. மற்ற அணிகளைப்போல இதற்குக் கோடீஸ்வர முதலாளி கிடையாது, ரசிகர்களே பங்குதாரர்கள். 2011-இல் பங்கு விற்றபோது ஒன்றின் விலை 250 டாலர். அதற்கு ஈவுத்தொகை வராது. லாபம் வைத்து விற்கவும் முடியாது. அதைக் காட்டி மைதானத்தில் ஒரு டிக்கெட்கூடக் கேட்க முடியாது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். இத்தனையும் தெரிந்தேதான் வாங்கினார்கள். 2015 வாக்கில் அணிக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முதலாளிகள். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் லாம்போ ஃபீல்டு மைதானத்தில் பொதுக்குழு கூடும். அங்கே இயக்குநர்களுக்கு ஓட்டுப் போடலாம். ஆனால் அந்த நாட்களில் முதலாளிகள் பலருக்கு உண்மையிலேயே ஓட்டுப் போட ஆசையாக இருந்த விஷயம் வேறு: ஜெஃப் ஜானிஸை ஏன் ஆடவிடவில்லை?

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பெயரில்தான் கால் இருக்கிறது, வேலையெல்லாம் கைக்குத்தான். குவார்ட்டர்பேக் பந்தை எறிவார், ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிப்பார், பிடித்த மறுகணம் நூறு கிலோ ஆசாமி ஒருவர் வந்து அவரைச் சாய்ப்பார். கோடைப் பயிற்சி முகாமுக்கு 90 பேர் வருவார்கள். சீசன் தொடங்கும்போது 53 பேர்தான் மிஞ்சுவார்கள். அந்த 53-லும் 46 பேருக்குத்தான் ஆட்ட நாளில் சீருடை. அன்றைய விதி அது. இதில் ரிசீவர்களுக்கு ஐந்தாறு இடம். முதல் மூன்று பேர் யார் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்காது, அதனால் அவர்களைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள். குடும்பங்கள் இரண்டுபடுவது ஐந்தாவது ரிசீவர் யார் என்பதில்தான்.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் வீரர் தேர்வில், 2014-ஆம் ஆண்டு பேக்கர்ஸ் மூன்று ரிசீவர்களை எடுத்தது. இரண்டாம் சுற்றில், மொத்தத்தில் 53-வது ஆளாக, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டிலிருந்து டவாண்டே ஆடம்ஸ். ஐந்தாம் சுற்றில் ஜேரட் அப்ரெடெரிஸ். விஸ்கான்சினிலேயே பிறந்து, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலேயே ஆடிய மண்ணின் மைந்தர். ஏழாவதும் கடைசியுமான சுற்றில், 236-வது ஆளாக, ஜெஃப் ஜானிஸ். அவர் ஆடியது மிச்சிகனின் சாகினா வேலி ஸ்டேட்டில். இரண்டாம் நிலைக் கல்லூரி. தொலைக்காட்சி வண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம்.

ஆனால் உடற்தேர்வு எண்களைப் பார்த்த ரசிகர்களுக்குத் தலை சுற்றியது. ஜானிஸ் 6 அடி 3 அங்குலம், 219 பவுண்டு. 40 கெஜத்தை 4.42 வினாடியில் கடந்திருந்தார். ஆடம்ஸுக்கு 4.56. இவர் உயரம், இவர் கனம், இவர் வேகம். பிறகெப்படி 183 இடம் பின்னால்? தேர்வாளர்களுக்குக் கண் இல்லை என்பதைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்?

வேக எண்ணுக்கு இப்படியொரு வசியம் உண்டு. 2017-இல் ஜான் ராஸ் என்பவர் 40 கெஜத்தை 4.22 வினாடியில் ஓடி அன்றைய சாதனையை முறித்தார். சின்சினாட்டி அணி அவரை 9-வது ஆளாகப் பாய்ந்து எடுத்தது. முதல் சீசன் முழுக்க அவர் பிடித்த பந்துகளின் எண்ணிக்கை பூஜ்யம். எதிர்ப்பக்கம் ஜெர்ரி ரைஸ். வேகம் போதாது என்று முகம் சுளிக்கப்பட்டவர், முதல் ஆண்டில் பந்தை நழுவவிட்டுச் சொந்த மைதானத்திலேயே கூச்சல் வாங்கியவர். ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 1,549 பந்துகள், 22,895 கெஜம். இரண்டு கதைகளையும் ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். தம் கட்சிக்கு எது வேண்டுமோ அதை மட்டும்.

மூவருடைய முதல் கோடையும் சுபமாக இல்லை. அப்ரெடெரிஸுக்கு முழங்கால் தசைநார் அறுந்து அந்த ஆண்டே போயிற்று. ஜானிஸுக்கு அக்கி வந்து முகாமின் தொடக்க நாட்கள் போயின. எந்த ஊர் வீரகாவியத்திலும் நாயகன் அக்கியோடு அறிமுகமானதாகத் தெரியவில்லை. இதுவே கூட ரசிகர்களின் இரக்கத்தைச் சம்பாதித்திருக்கும்.

கிரீன் பே முகாமில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மைதானத்திலிருந்து பயிற்சித் திடலுக்கு வீரர்கள் உள்ளூர்ச் சிறுவர்களின் சைக்கிளில் போவார்கள். நூறு கிலோ மனிதர் ஒருவர், முழங்கால் தாடையைத் தொட, ஒரு குட்டிச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போவார். சைக்கிளின் சொந்தக்காரர், வயது எட்டு, ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடுவார். இந்த ஊரில் எட்டு வயசுக்காரனுக்கும் ரிசீவர்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்றால் அதற்குக் காரணம் உண்டு. அந்த ஆளைச் சுமந்தது அவன் சைக்கிள்.

உடல் தேறி வந்த ஜானிஸ், செயின்ட் லூயிஸில் நடந்த, சீசனுக்கு முந்தைய ஒரு முன்னோட்ட ஆட்டத்தில் பந்தை வாங்கி 34 கெஜம் ஓடி, எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி டச் டவுன் அடித்தார். தீர்ந்தது. கட்சி பிறந்துவிட்டது.

முன்னோட்ட ஆட்டங்களின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். முக்கிய வீரர்கள் அரைமணி ஆடிவிட்டுத் தொப்பி மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பிற்பகுதியில் களத்தில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு இரண்டு வாரத்தில் வேலை இருக்காது. அதைப் பார்த்து ஒரு வீரரின் எதிர்காலத்தைச் சொல்வது, பெண் பார்க்கப் போன இடத்துக் கேசரியை வைத்து ஆயுள் முழுதுக்குமான சாப்பாட்டைக் கணிப்பது மாதிரி. ஆனால் கேசரி பொய் சொல்லாத சமயங்களும் உண்டு. 2010-இல் யாருமே தேர்வு செய்யாத விக்டர் குரூஸ் என்ற இளைஞர், நியூயார்க் ஜயண்ட்ஸுக்காக ஒரு முன்னோட்ட ஆட்டத்தில் 6 பந்து பிடித்து 145 கெஜமும் 3 டச் டவுனும் எடுத்தார். அடுத்த ஆண்டே 1,536 கெஜம், கையில் சாம்பியன்களுக்கான சூப்பர் பௌல் மோதிரம். நாடு முழுக்க ஐந்தாவது ரிசீவர் கட்சிகளுக்குக் குலதெய்வம் குரூஸ்தான்.

விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை ராத்திரி மதுக்கடைகளில் மீன் வறுவல் விசேஷம். அங்கே இரண்டு மைத்துனர்கள் உட்கார்ந்தால் பேச்சு இப்படித்தான் போகும்.

“பந்தைக் கொடுத்துப் பார்த்தால்தானே தெரியும்?”

“தினமும் பயிற்சியில் கொடுத்துப் பார்க்கிறார்களே, அவர்களுக்குத் தெரியாதா?”

“பயிற்சி வேறு, ஆட்டம் வேறு.”

“அப்படியானால் முன்னோட்ட ஆட்டம்?”

“அது ஆட்டம்.”

இந்த வாதத்தை ஜெயிக்க முடியாது. எறியாத பந்தை யாரும் நழுவவிட முடியாது என்பதுதான் பெஞ்சில் இருப்பவரின் பலம். களத்தில் ஆடுகிறவருக்கு வாரா வாரம் கணக்கு எழுதுகிறார்கள்: இத்தனை பிடித்தார், இத்தனை விட்டார். உட்கார்ந்திருப்பவர் பேரில் ஒரு தப்பும் ஏறாது. அவர் பிடிக்கவிருக்கும் பந்துகள் எல்லாமே பிடிபட்டவைதான்.

அன்றைய பயிற்சியாளர் மைக் மெக்கார்த்தியின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அன்றைய பேக்கர்ஸ் ஆட்டமுறையில் ரிசீவர் சொன்ன இடத்துக்கு ஓடினால் மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எதிரே நிற்கும் காப்பாளர் நெருங்கி நிற்கிறாரா, விலகி நிற்கிறாரா என்று படிக்க வேண்டும். நெருங்கினால் ஒரு பாதை, விலகினால் இன்னொன்று. குவார்ட்டர்பேக் ஏரன் ராஜர்ஸும் அதே கணத்தில் அதையே படித்து, ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டிருப்பார். இருவரும் ஒரே மாதிரி படித்தால் அழகு. மாற்றிப் படித்தால் ஆளில்லாத புல்தரையில் பந்து விழும். ராஜர்ஸ் இரண்டு கைகளையும் விரித்து, உதட்டை இறுக்கி, அந்த இளைஞரை ஒரு பார்வை பார்ப்பார். கேமராவும் தவறாமல் அதையே காட்டும். அந்தக் கைவிரிப்பு வந்ததென்றால் அடுத்த சில வாரங்களுக்கு அந்த இளைஞரை வெந்நீர் ஜாடிக்குப் பக்கத்தில்தான் தேட வேண்டும். 4.42 வினாடி வேகத்தில் தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்வதால், சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தோம் என்பதைத் தவிர லாபமில்லை.

2015 ஆகஸ்ட் 23. பிட்ஸ்பர்க்கில் முன்னோட்ட ஆட்டம். அணியின் முதல் ரிசீவர், முந்தைய ஆண்டு 98 பந்து பிடித்து 1,519 கெஜம் எடுத்த ஜார்டி நெல்சன், யாரும் தொடாமலே காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். முழங்கால். சீசன் முடிந்தது. ஊரே துக்கம் காத்தது, ஜானிஸ் கட்சியைத் தவிர. அவர்களும் துக்கம் காத்தார்கள்தான், காலண்டரைப் பார்த்துக்கொண்டே.

நிர்வாகி டெட் தாம்ஸன் என்ன செய்தார்? அதே ஆண்டில் இரண்டு அணிகள் கழற்றிவிட்டிருந்த பழைய ஆள் ஜேம்ஸ் ஜோன்ஸைத் திரும்பக் கூட்டிவந்தார். 31 வயது. ஜோன்ஸ் சீருடைக்கு அடியில் தொப்பிவைத்த ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டுக்குப் பின்னால் அது தொங்க, காய்கறி வாங்கக் கிளம்பியவர் வழிதவறி மைதானத்துக்கு வந்ததுபோல ஆடினார். 50 பந்து, 890 கெஜம், 8 டச் டவுன்.

டவாண்டே ஆடம்ஸும் அந்த ஆண்டு பிடித்தது சரியாக 50 பந்துதான். ஆனால் 483 கெஜம், ஒரே ஒரு டச் டவுன். சீசனுக்கு முன் மெக்கார்த்தி அவரை வாயாரப் புகழ்ந்திருந்தது வேறு வினையாயிற்று. இரண்டாவது வாரமே கணுக்கால் பிசகியது, பிசகிய காலோடு ஆடினார், பந்துகளை விட்டார். நவம்பரில், பழைய நாயகன் பிரெட் ஃபாவ்ரின் 4-ஆம் எண்ணுக்கு மரியாதை செய்த நன்றி நவிலும் நாள் இரவில், மழையில், பரம வைரி சிகாகோவிடம் 17-13 என்று தோற்றார்கள். அன்றும் ஆடம்ஸ் கையில் பட்ட பந்துகள் கீழே விழுந்தன. அந்த ராத்திரிக்குப் பிறகு விஸ்கான்சினில் ஆடம்ஸ் பேரைச் சொல்லிக் கடன் வாங்க முடியாது. இரண்டாம் சுற்றை வீணடித்தார்கள், இவனை வெட்டிவிடு, ஜானிஸை இறக்கு. 53-வது ஆளைத் தூக்கிவிட்டு 236-வது ஆளைப் போடு என்பது ஒரு வகையில் ஜனநாயகக் கோரிக்கையும்கூட.

ஜானிஸ் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது இந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது. பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும்போது ஓரத்திலிருந்து தலைதெறிக்க ஓடி, தடுக்க வரும் இருவரையும் தாண்டி, நாற்பது ஐம்பது கெஜத்துக்கு அப்பால் பந்தை வாங்குகிறவரை வாங்கிய இடத்திலேயே சாய்க்கும் ஒரு வேலை இருக்கிறது. உடம்பை நொறுக்கும் வேலை, புகழ் கிடையாது. அதில் ஜானிஸ் கெட்டிக்காரர். ஐந்தாவது ரிசீவர் என்றால் அணியிலேயே ஐந்தாவதாக நன்றாகப் பிடிப்பவர் என்று ரசிகர் நினைக்கிறார். பயிற்சியாளருக்கோ அவர் பிடிப்பது உபரி வருமானம், ஓடிச் சாய்ப்பதற்குத்தான் சம்பளம். இருவரும் ஒரே நாற்காலியைத்தான் பேசினார்கள், ஆனால் அதில் உட்காருகிறவரின் வேலை என்ன என்பதில் இருவருக்கும் உடன்பாடே இல்லை.

அந்தச் சீசனில் ஜானிஸ் பிடித்தது மொத்தம் 2 பந்து, 79 கெஜம். கட்சிக்காரர்கள் கால்குலேட்டரை எடுத்தார்கள். ஒரு பந்துக்கு 39.5 கெஜம்! சீசனுக்கு நூறு பந்து கொடுத்தால் 3,950! லீக் வரலாற்றில் ஒரு சீசனின் உச்சம் 2012-இல் கால்வின் ஜான்சன் எடுத்த 1,964 கெஜம். நம் ஆள் அதைப்போல் இரண்டு மடங்கு. கணக்கில் பிழை சொல்ல முடியாது.

பிறகு வந்தது 2016 ஜனவரி 16. அரிசோனாவில், தோற்றால் வெளியேற வேண்டிய பிளே ஆஃப் ஆட்டம். ஆடம்ஸ் முழங்கால் காயத்தால் ஆடவில்லை. அடுத்த நட்சத்திரம் ராண்டல் காப் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மார்பில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மிச்சம் இருந்தது ஸ்வெட்டர் ஜோன்ஸ், உள்ளூர் அப்ரெடெரிஸ், அப்புறம் ஜானிஸ். வேறு வழியே இல்லாமல், இரண்டு வருஷமாக ஊர் கேட்ட சோதனை நடந்தது.

அன்று ஜானிஸ் முன்பே ஒரு டச் டவுன் அடித்துவிட்டார். ஆனாலும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக இருக்கும்போது பேக்கர்ஸ் 13-20 என்று பின்தங்கி, தன் கோட்டிலிருந்து 4 கெஜத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. கடைசி வாய்ப்பு, 20 கெஜம் தேவை. ராஜர்ஸ் பின்னால் ஓடி, இடப்பக்கம் ஒதுங்கி, ஆகாசத்தில் எறிந்தார். 60 கெஜம் தள்ளி ஜானிஸ் பிடித்தார். பிறகு 5 வினாடி, 41 கெஜம் பாக்கி. துரத்தும் ஆட்களிடமிருந்து தப்பி, சாய்ந்த வாக்கில் ராஜர்ஸ் இன்னொன்று எறிந்தார். பந்து கூரையைத் தொட்டுவிடும்போல ஏறி இறங்கியது. கோட்டுக்குள்ளே, காப்பாளர்கள் இருவருக்கு நடுவில் எழும்பி, கடிகாரம் பூஜ்யம் காட்ட, ஜானிஸ் அதையும் பறித்தார். 20-20.

60-ம் 41-ம் 101. அதற்கு முன் இரண்டு சீசன்களின் வழக்கமான ஆட்டங்கள் அத்தனையிலும் சேர்த்து அவர் எடுத்திருந்தது 95 கெஜம். ஆட்டம் முடியும்போது அவர் கணக்கில் 7 பந்து, 145 கெஜம், 2 டச் டவுன். குலதெய்வம் குரூஸின் அதே 145.

அணி தோற்றது. கூடுதல் நேரத்துக்கு நடுவர் சுண்டிய நாணயம் சுழலாமல் தட்டையாகவே போய் விழ, மறுபடி சுண்டினார். இரண்டு தடவையும் அரிசோனாவுக்கே. லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு ஒரே பிடியில் 75 கெஜம் ஓடினார். சில நகர்வுகளிலேயே கதை முடிந்தது, 26-20. ராஜர்ஸ் கையில் பந்து வரவே இல்லை. ஜானிஸ் கட்சிக்கு இது தோல்வியாகவே படவில்லை. நிரூபணம் கிடைத்துவிட்டதே! எதிர்க்கட்சியும் அதே இரண்டு பந்துகளைத்தான் சாட்சிக்கு அழைத்தது: “பாதையைப் படிக்கத் தேவையில்லாத, மேலே எறிந்தால் போய்க் குதிக்கிற பந்துகள். அதில் கெட்டிக்காரர் என்று நாங்களும்தான் சொல்கிறோம்.”

அடுத்த ஆகஸ்டில் பயிற்சியில் ஜானிஸின் கை எலும்பு முறிந்தது. நெல்சன் திரும்பிவந்து 14 டச் டவுன் அடித்தார். வெட்டிவிடச் சொன்ன ஆடம்ஸ் 75 பந்து, 12 டச் டவுன், 997 கெஜம். ஆயிரத்துக்கு மூன்று குறைகிறதே என்றும் சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். (2019-லும் அவர் சரியாக 997-இல் நின்றார், சில ரசிகர்களுக்கென்றே விட்டுவைத்தது போலிருக்கிறது.) ஜானிஸுக்கு 11 பந்து, 93 கெஜம். 2017-இல் 2 பந்து, 12 கெஜம். 2018-இல் கிளீவ்லாந்துக்குப் போனார். இறுதிக் கழிவில் அங்கே பெயர் நீக்கப்பட்டது. வழக்கமான சீசன் கணக்கு மொத்தம் 17 பந்து, 200 கெஜம், 1 டச் டவுன். அந்த ஒரே ராத்திரியில் 145. தப்பும் சரியுமாக ஒரு வாழ்க்கை முழுக்க ஆடிய பலருக்கு அப்படி ஒரு ராத்திரி வாய்த்ததில்லை.

ஆடம்ஸ் 2020-இல் 18 டச் டவுன் அடித்தார். 2021-இல் 123 பந்து, 1,553 கெஜம். 2022 மார்ச்சில் அணி அவரை லாஸ் வேகஸுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு தேர்வு உரிமைகளை வாங்கிக்கொண்டபோது முதலாளிகள் கொதித்துப்போனார்கள். ஆடம்ஸைப் போய் யாராவது விடுவார்களா? 2015-இல் அவரை வெறும் கையோடு அனுப்பச் சொன்ன ஒருவரைக்கூட இன்று கிரீன் பேயில் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கிடையில் கட்சிகள் கலையவில்லை, ஆளை மாற்றிக்கொண்டன. ஜானிஸ் போன 2018-லேயே பேக்கர்ஸ் மறுபடி மூன்று ரிசீவர்களை எடுத்தது. நான்காம் சுற்றில் ஜேமான் மூர், ஐந்தில் மார்க்கெஸ் வால்டெஸ்-ஸ்கான்ட்லிங், ஆறில் ஈக்வானிமியஸ் செயின்ட் பிரவுன். மூன்றாமவரின் முழுப் பெயர் ஈக்வானிமியஸ் டிரிஸ்டன் இம்ஹோடெப் ஜே. செயின்ட் பிரவுன், அப்பா உடற்கட்டழகுப் போட்டிகளில் உலகப் பட்டம் வாங்கியவர். பெயர், உயரம், நோட்டர் டேம் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து கட்சி ஒன்று உடனே திரண்டது. வால்டெஸ்-ஸ்கான்ட்லிங்கின் வேகத்துக்கு இன்னொரு கட்சி. மூர் முதல் சீசனில் 2 பந்து பிடித்து, அடுத்த முகாமோடு வெளியேறினார். செயின்ட் பிரவுன் 2019 சீசன் முழுக்கக் காயப் பட்டியலில் இருந்தார்.

2019 அக்டோபர் 14, திங்கள் இரவு, டெட்ராய்ட்டோடு ஆட்டம். பேக்கர்ஸ் பின்தங்கியிருந்தது, ரிசீவர்கள் அடிபட்டுக் கிடந்தார்கள். யாருமே தேர்வு செய்யாத, முந்தைய டிசம்பரில் ஜாக்சன்வில் அணியின் பயிற்சிக் குழுவிலிருந்து தூக்கிவரப்பட்ட ஆலன் லசார்டை இறக்கச் சொல்லிப் பயிற்சியாளர்களிடம் கேட்டது வேறு யாருமல்ல, கைவிரிப்புப் புகழ் ராஜர்ஸேதான். நான்காம் கட்டத்தில் லசார்ட் 35 கெஜ டச் டவுன் ஒன்றைப் பிடித்தார். அணி 23-22 என்று வென்றது. அவர் பேரில் இரண்டு கட்சி கட்டிக்கொள்ள மைத்துனர்களுக்கு அவகாசமே கிடைக்கவில்லை.